சொந்தக் காரணம்

வழக்கின் தொகை 27,000 ரூபாய். இதற்கெல்லாம் வழக்கா என்று என் ஜூனியரே முகம் சுளித்தார். மூன்று மாதப் பள்ளிக் கட்டணத் தவணை, தவணைக்கு 9,000. இன்சூரன்ஸ் கம்பெனி தர மறுத்துவிட்டது. விவகாரம் இவ்வளவுதான். கட்டைப் பிரித்துப் படித்த பிறகுதான், சம்பளம் வாங்கும் பல வீடுகளில் இதே காகிதம் படிக்கப்படாமல் கிடக்கும் என்று எனக்கு உறைத்தது.

கட்சிக்காரர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். மகள் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். 2023 ஜூனில் கணவனும் மனைவியுமாக ஆபீசுக்கு வந்தார்கள். அவர் அதிகம் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாதான் ஜவுளிக்கடைப் பை ஒன்றிலிருந்து காகிதங்களைத் தேதிவாரியாக எடுத்து மேசையில் அடுக்கினார்.

"இவரு எதையும் எடுத்து வெக்க மாட்டார் சார். நான்தான் எல்லாத்தையும் பிரின்ட் போட்டு வெச்சிருக்கேன்."

பின்னால் வழக்கு நின்றது அந்தப் பையை வைத்துத்தான்.

2022 ஜூனில் பள்ளியின் கட்டண கவுன்ட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு கடன் நிறுவனம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. ஆண்டுக் கட்டணம் 1,08,000 ரூபாய். நிறுவனம் அதை மொத்தமாகப் பள்ளிக்குக் கட்டிவிடும். பெற்றோர் மாதம் 9,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் நிறுவனத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். பெற்றோருக்கு வட்டி கிடையாது. வருஷத் தொடக்கத்திலேயே முழுப் பணமும் கைக்கு வருவதால் பள்ளி அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறது. நிறுவனத்தின் லாபம் அங்கே இருக்கிறது. இதில் தப்பொன்றும் இல்லை. ஒரே தடவையில் லட்ச ரூபாய் புரட்ட முடியாதவர்களுக்கு உபயோகமான ஏற்பாடுதான்.

அந்தக் கடனோடு ஒட்டிக்கொண்டு வந்தது 'கட்டணப் பாதுகாப்பு'. பிரீமியம் 1,450 ரூபாய். கடன் வாங்கிய பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ மீதிக் கட்டணம் முழுவதையும் இன்சூரன்ஸ் கட்டும். வேலை போனால் மூன்று தவணை கட்டும். பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் இதற்கு ஒரு வண்ண விளம்பரம் சுற்றியது. 'வேலை போய்விட்டதா? பிள்ளையின் படிப்பு நிற்காது' என்று பெரிய எழுத்தில். அந்த அம்மா அதையும் பிரின்ட் போட்டு வைத்திருந்தார்.

இது குழுக் காப்பீடு. மாஸ்டர் பாலிசி கடன் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பெற்றோர் கைக்கு வருவது ஒரு பக்கச் சான்றிதழ் மட்டும். அதில் 'வேலை இழப்பு: 3 தவணை' என்று ஒரு கட்டம், கீழே பொடி எழுத்தில் 'பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. நிபந்தனைகள் எல்லாம் மாஸ்டர் பாலிசியில். அந்த மாஸ்டர் பாலிசியை, வழக்குப் போட்ட பிறகு எதிர்தரப்பு தாக்கல் செய்த அன்றுதான் என் கட்சிக்காரர் முதன்முதலாகப் பார்த்தார்.

வேலை போனவர்களுக்கு அரசாங்கமும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் சராசரிச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை கிடைக்கும். ஆனால் இ.எஸ்.ஐ. வரம்பே மாதம் 21,000 ரூபாய் சம்பளம்தான். அதைத் தாண்டிய நடுத்தர வர்க்கம் இப்படிச் சான்றிதழ் விற்கும் மேசைகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் மட்டும் நீதிமன்றம் கை கொடுத்தது. 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வருமானம் பாதிக்காத பெற்றோரிடம் 85 சதவீதமும், வருமானம் இழந்தவர்களிடம் 75 சதவீதத்தை ஆறு தவணையிலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தனியார் பள்ளிகளுக்குச் சொன்னது. அந்தச் சலுகை அந்தக் கல்வியாண்டோடு போயிற்று.

இனி வேலை போன கதை. 2023 பிப்ரவரியில் ஒரு நாள் காலை மனிதவளத் துறையிலிருந்து மீட்டிங் அழைப்பு. அறையில் இரண்டு பேர். பத்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

"பிராஜெக்ட் மூடுறாங்க. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெண்டு மாசச் சம்பளம், நல்ல ரிலீவிங் லெட்டர். போடலைன்னா டெர்மினேஷன். அப்புறம் அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷனுக்குக் கேட்டா நாங்க என்ன எழுதுவோம்னு உங்களுக்கே தெரியும்."

மூன்றே முக்காலுக்கு அவர் கம்பெனி போர்ட்டலில் ராஜினாமா போட்டார். காரணம் கேட்டு ஒரு பட்டியல் திறக்கும்: மேல்படிப்பு, திருமணம், வேறு வேலை, உடல்நலம், சொந்தக் காரணம். ஆட்குறைப்பு என்று அதில் ஒரு வரி கிடையாது. அவர் 'சொந்தக் காரணம்' என்பதைத் தொட்டார்.

ஏப்ரலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் நிராகரிப்புக் கடிதம் வந்தது. தாங்கள் சுயவிருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்திருக்கிறீர்கள், சுயவிருப்ப ராஜினாமா பாலிசியில் விலக்கப்பட்ட இனம், எனவே க்ளெய்ம் ஏற்கப்படவில்லை. சாரம் அவ்வளவே.

நம் தனியார் நிறுவனங்களில், அதுவும் மென்பொருள் துறையில், காகிதத்தில் ஆட்குறைப்பு செய்யப்பட்டவரைக் காண்பது அரிது. அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவின்படி ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், அரசுக்குத் தகவல் என்று பல வேலை இருந்தது. பத்திரிகையில் செய்தியும் வரும். ராஜினாமா என்றால் இது எதுவும் இல்லை. ஆட்குறைப்பு என்று எழுத்து கொண்டுவந்தால்தான் பணம் என்கிறது பாலிசி. அந்த எழுத்தைத் தந்துவிடக் கூடாது என்பதில் கம்பெனி கவனமாக இருக்கிறது. இந்த நடைமுறை இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் வேலை இழப்பு என்று சொல்லி 1,450 ரூபாய் வாங்கினார்கள் என்றால், எந்த வேலை இழப்புக்கு வாங்கினார்கள்? என் வழக்கு இந்த ஒரு கேள்விதான்.

இதற்குள் வீட்டில் நிலைமை மோசமாகியிருந்தது. தவணைத் தேதியில் வங்கிக் கணக்கில் பணம் இல்லாததால் தானியங்கிப் பற்று ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் வங்கி 590 ரூபாய் பிடித்தது. கடன் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு அபராதம் போட்டது. பள்ளி மகளின் ரேங்க் கார்டை நிறுத்தி வைத்தது. பள்ளிக்கு வர வேண்டிய பணம் போன ஜூனிலேயே முழுதாக வந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் நிறுவனத்து வசூல் ஆள் போன் பண்ணியதும் பள்ளி அவர்களுக்காகக் குழந்தையின் கார்டைப் பிடித்துக்கொண்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு குழந்தையை மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. உங்களுக்கு ஒரு பைசா பாக்கி இல்லை, எந்த உரிமையில் கார்டை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். கார்டு வந்துவிட்டது. பள்ளியை வழக்கில் சேர்க்கவில்லை. கல்வி நிறுவனங்களை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க முடியுமா என்பதே தீராத சர்ச்சை. அதற்குள் நுழைந்தால் இந்த 27,000 ரூபாய் பத்து வருஷம் காத்திருக்க நேரும்.

உண்மையில் கட்சிக்காரரை என்னிடம் கொண்டுவந்தது சிபில் என்னும் கடன் மதிப்பெண். ஒரு நிதித்துறை நிறுவனத்தில் புதிய வேலை கிடைக்கும் தறுவாயில் இருந்தது. பின்னணிச் சோதனையில் கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டு, தவணை தவறியதற்கு விளக்கம் கேட்டு வேலை உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். வேலை போனதால் தவணை தவறியது, தவணை தவறியதால் வேலை கிடைக்கவில்லை. இது அவருக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் இல்லை. சிபில் சரியில்லை என்று ஒருவரின் நியமனத்தை ரத்து செய்த பொதுத்துறை வங்கியின் முடிவை 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே சரியென்று சொல்லியிருக்கிறது.

எங்கே போவது என்று முதலில் யோசித்தோம். இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். செலவில்லை, அங்கே வக்கீலுக்கும் இடமில்லை. (என் தொழில் சகாக்கள் அந்த அலுவலகத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசாததற்கு இதுவும் ஒரு காரணம்.) ஆனால் கடன் நிறுவனத்தின் அபராதத்தையும் சிபில் பதிவையும் ஆம்பட்ஸ்மேன் தொட மாட்டார். எனவே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் நீதிமன்றக் கட்டணமும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி முதல் எதிர்தரப்பு, கடன் நிறுவனம் இரண்டாம் எதிர்தரப்பு.

இன்சூரன்ஸ் தரப்பு முதலில் எடுத்த ஆயுதம், எங்களுக்கும் இவருக்கும் ஒப்பந்தமே இல்லை, பாலிசிதாரர் கடன் நிறுவனம்தான் என்பது. குழுக் காப்பீட்டு வழக்குகளில் வழக்கமாக வரும் வாதம் இது. கர்நாடகத்தில் குளிர்பதனக் கிடங்கு எரிந்து மிளகாய் விவசாயிகள் நஷ்டப்பட்ட வழக்கில் இதற்கு 2020இலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. பாலிசி கிடங்கின் பெயரில் இருந்தாலும் பயனாளி விவசாயி, ஆகவே அவரும் நுகர்வோர் என்று கனரா வங்கி எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கில் தீர்ப்பு. இங்கே பிரீமியமே என் கட்சிக்காரர் பையிலிருந்து போயிருக்கிறது. அந்த வாதம் அன்றோடு அடங்கியது.

இரண்டாவது ஆயுதம் புதிது. அவர் மார்ச்சிலிருந்து தெரிந்தவர் ஒருவருக்குப் பகுதிநேரமாக வெப்சைட் சோதனை செய்து கொடுத்து ஏதோ சம்பாதித்தாராம். பாலிசிப்படி 30 நாள் தொடர்ந்து வேலையில்லாமல் இருக்க வேண்டுமாம். ஆனால் நிராகரிப்புக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தில் சொல்லாத காரணத்தை வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினேன். எதிர் வக்கீல் விவரமானவர். மேற்கொண்டு அதை அழுத்தவில்லை.

மிச்சமிருந்தது ராஜினாமா. கம்பெனியைக் கட்சியாகச் சேர்க்க அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. "அவங்க மேல கேஸ் போட்டேன்னு தெரிஞ்சா இந்த ரோட்ல எனக்கு வேற வேலை கிடைக்காது சார்" என்றார். அது நியாயமான பயம். ஆக, வேலையை விட்டு அனுப்பியவரை அறைக்குள் கொண்டுவராமலே, அவர்தான் அனுப்பினார் என்று நிரூபிக்க வேண்டும்.

ஆதாரம் பையில் இருந்தது. கம்பெனி கொடுத்த பிரிவு ஒப்பந்தம், நான்கு பக்கம். 'பிராஜெக்ட் முடிவுக்கு வந்ததை முன்னிட்டு' என்று தொடங்கி, இன்று மாலை 5 மணிக்குள் ராஜினாமா சமர்ப்பித்தால் இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் கருணைத் தொகையாகத் தரப்படும், நோட்டீஸ் காலம் தள்ளுபடி என்று போனது. நான்காம் பக்கத்தில் ரகசியக் காப்புப் பிரிவு. யாரிடம் காட்டினாலும் தொகையைத் திருப்பித் தர வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் அவர் க்ளெய்ம் போடும்போது இந்தக் காகிதத்தை இணைக்காமல் விட்டிருந்தார்.

நேராகத் தாக்கல் செய்தால் ஒப்பந்த மீறல் என்று கம்பெனி கிளம்பலாம். எனவே ஆணையத்தில் ஒரு மனு போட்டேன். வேலையிலிருந்து விலகியது தொடர்பான ஆவணங்கள் அனைத்தையும் புகார்தாரர் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆணையமே அவருக்கு உத்தரவிட வேண்டும் என்பது கோரிக்கை. சொந்தக் கட்சிக்காரருக்கு எதிராக உத்தரவு கேட்கும் வக்கீலை எதிர்தரப்பு ஜூனியர் வேடிக்கை பார்த்தார். ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் ஆணையத்துக்குச் சட்டத்தின் 38ஆவது பிரிவில் இருக்கிறது. உத்தரவு வந்தது. ஆணையத்தின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நான்கு பக்கமும் தாக்கலாயிற்று. கம்பெனியிலிருந்து பிறகு எந்தக் கடிதமும் வரவில்லை.

வாதத்தில் நான் சட்டத்தைவிடக் கணக்கைத்தான் அதிகம் பேசினேன். தானாக வேலையை விடுகிறவர் இந்தத் துறையில் மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அதற்கான சம்பளத்தைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். இவருடைய பணி நியமன உத்தரவிலும் அப்படித்தான் இருக்கிறது. இங்கே பணம் எந்தப் பக்கம் போயிருக்கிறது? கம்பெனி இவருக்குக் கொடுத்திருக்கிறது. தானாகப் போகிறவருக்குக் காசு கொடுத்து அனுப்பும் முதலாளி எங்கே இருக்கிறார்?

பாலிசியில் ஆட்குறைப்பு என்ற சொல் இருந்ததே தவிர அதற்கு விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாதபோது சட்டத்தின் விளக்கத்தைத்தான் எடுக்க வேண்டும். தண்டனையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக முதலாளி பணியை முடித்தாலும் அது ஆட்குறைப்பு என்று தொழில் தகராறுகள் சட்டம் சொன்னது. அதற்கு இருக்கும் அகன்ற பொருளை 1976இல் ஸ்டேட் வங்கி எதிர் சுந்தரமணி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அழுத்தமாகச் சொன்னார். இவர் தொழிலாளி என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார் என்றார் எதிர் வக்கீல். வர வேண்டாம், 25எஃப் இழப்பீடு கேட்டு நான் வரவில்லை, உங்கள் பாலிசியில் உள்ள சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். சந்தேகம் வந்தால் பாலிசியை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டு சண்டுமல் ஜெயின் வழக்கிலிருந்தே நிலைத்த விதி.

அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் உறுப்பினர் எதிர் வக்கீலைப் பார்த்துக் கேட்டார்: "இவர் அன்னிக்கு ராஜினாமா கொடுக்கலைன்னே வெச்சுக்குவோம். மறுநாள் காலையில வேலைக்குப் போயிருக்க முடியுமா?"

"அது... நிறுவனத்தைத்தான் கேக்கணும் மேடம்."

"ஒப்பந்தத்துல என்ன இருக்கு?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். பதில் வரவில்லை. உத்தரவுக்காக வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

2024 நவம்பரில் உத்தரவு வந்தது. மாலைக்குள் எழுதாவிட்டால் பணிநீக்கம் என்ற நிலையில் எழுதப்பட்ட ராஜினாமா சுயவிருப்பமானது அல்ல என்று ஆணையம் முடிவு செய்தது. விலக்குகள் அடங்கிய பாலிசியைப் புகார்தாரருக்குக் கொடுத்ததாக இரு எதிர்தரப்பும் நிரூபிக்கவில்லை. கொடுக்காத விலக்கை அவர்மேல் ஏவ முடியாது என்பது இரண்டாவது காரணம். மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கிலிருந்து 2022ஆம் ஆண்டு டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்குவரை உச்ச நீதிமன்றம் சொல்லிவருவதைத்தான் ஆணையம் பின்பற்றியது. 27,000 ரூபாயும் நிராகரித்த தேதியிலிருந்து 9 சதவீத வட்டியும் இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டும். அந்த மூன்று தவணைக்குப் போட்ட அபராதத்தைக் கடன் நிறுவனம் திருப்பித் தந்து, முப்பது நாளுக்குள் சிபில் பதிவைத் திருத்த வேண்டும். மன உளைச்சலுக்கு 10,000, வழக்குச் செலவுக்கு 5,000, இருவரும் சேர்ந்து.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்த விலக்குப் பிரிவே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கவும் கேட்டிருந்தேன். 2019 சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் கொடுத்திருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. சட்டப்படி ஆணையம் மறுத்தது சரிதான். மாநில ஆணையம் போகலாமா என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குப் போகத்தான் ஆசை. கணவர் வேண்டாம் என்றார். நிதித்துறை வேலை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. முன்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு கிண்டியில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தார்.

மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம். தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். இரண்டு பேருமே போகவில்லை. பணம் வந்தது, சிபிலும் சரியானது. அந்தப் பிரிவு பாலிசியில் அப்படியே இருக்கிறது.

2024 அக்டோபர் முதல், கடனோடு சேர்த்து வசூலிக்கும் இன்சூரன்ஸ் தொகையை முக்கிய விவரத் தாளில் தனியே காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. தொகை தெரியும், விலக்குகள் அந்தத் தாளில் இருக்காது. ஆகவே வரும் ஜூனில் கட்டணக் கடனுக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள், மாஸ்டர் பாலிசியின் முழு நகலை மின்னஞ்சலில் கேளுங்கள். வராவிட்டால், கேட்ட மின்னஞ்சலையாவது பிரின்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.